குறைந்த ஜி.பி.ஏ., உயர்ந்த எல்சாட்: ஒரு சட்டப் பள்ளிச் சேர்க்கை ஆலோசனைச் சேவையின் மதிப்பீடு

அமெரிக்கச் சட்டப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்த பின், 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு தனியார் சேர்க்கை ஆலோசனைச் சேவையில் 4,200 டாலர் செலுத்திச் சேர்ந்தேன். பன்னிரண்டு பள்ளிகளுக்கான விண்ணப்பங்களை, பள்ளித் தேர்விலிருந்து கடைசிக் கட்டுரை வரை, ஓர் ஆலோசகர் உடனிருந்து பார்த்துக்கொடுப்பார் என்பது ஒப்பந்தம். எனக்கு உதவிய ஆலோசகர் இப்போது அங்கே இல்லை என்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதுவதில் பயனில்லை. ஆனால் இத்தகைய சேவைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதால், எந்தப் பகுதிக்குப் பணம் கொடுக்கலாம், எந்தப் பகுதிக்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மின்னணுப் பொறியியல் படித்தவள். இளநிலைப் படிப்பை, நான்கு புள்ளி அளவுகோலில் எல்லாப் பாடங்களின் சராசரியைக் காட்டும் ஜி.பி.ஏ. 3.11 ஆக இருக்க முடித்தேன், அதன்பின் மூன்று ஆண்டுகள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்குப் பயிற்சித் தேர்வுகள் எழுதியபோது என் மதிப்பெண் 170-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. எல்சாட் 120-இல் தொடங்கி 180-இல் முடியும் அளவுகோல் கொண்டது. நாட்டின் முதல் பதினான்கு பள்ளிகள் என்று வழக்கமாக எண்ணப்படும் யேல், ஸ்டான்ஃபோர்ட், ஹார்வர்ட், கொலம்பியா, வர்ஜீனியா, நார்த்வெஸ்டர்ன், ஜார்ஜ்டவுன் முதலியவற்றில் சேர்வோர் பெரும்பாலும் 170-ஐ ஒட்டிய அல்லது அதற்கு மேற்பட்ட எல்சாட்டும், 3.8-க்கு மேற்பட்ட ஜி.பி.ஏ.வும் உடையவர்கள். முதல் எண்ணில் நான் அவர்களோடு நின்றேன், இரண்டாவதில் அவர்களுக்கு வெகு கீழே நின்றேன். இப்படி இரு எண்களும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் விண்ணப்பதாரரை ஸ்ப்ளிட்டர் என்று அழைக்கிறார்கள்.

சேவையின் முதல் வேலை எனக்கு ஒரு கெட்ட செய்தியைச் சொன்னது. சட்டப் பள்ளிகள் நம் பல்கலைக்கழகம் அச்சிட்டுத் தரும் ஜி.பி.ஏ.வைப் பார்ப்பதில்லை. எல்சாட்டை நடத்தும் எல்சாக் என்ற அமைப்பு, நாம் இளநிலைப் பட்டம் பெறும் வரை எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்திருந்தாலும் அத்தனை மதிப்பெண் பட்டியல்களையும் வாங்கி, தன் சொந்த விதிகளின்படி ஜி.பி.ஏ.வைப் புதிதாகக் கணக்கிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. என் ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே எல்லாப் பட்டியல்களையும் கேட்டு வாங்கி, எல்சாக் எப்படிக் கணக்கிடுமோ அப்படியே வரி வரியாகக் கணக்கிட்டுக் காட்டினார். நான் தோல்வியடைந்து மீண்டும் எழுதிய நான்கு பாடங்களில் என் பல்கலைக்கழகம் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டுப் புதியதை மட்டுமே கணக்கில் எடுத்திருந்தது. எல்சாக்கோ, பட்டியலில் பழைய மதிப்பெண் தெரியும் வரை அதையும் சேர்த்தே எண்ணும். உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது சமுதாயக் கல்லூரியில் படித்த இரண்டு பாடங்களும் கணக்கில் வந்தன. ஏ பிளஸ் பெற்ற சில பாடங்களுக்கு எல்சாக் 4.33 புள்ளி தருவதால் சரிவு சற்றுத் தடுக்கப்பட்டது, என்றாலும் கடைசியில் நின்ற எண் 2.94. மூன்றுக்கு மேல் என்று நான் நம்பியிருந்தது மூன்றுக்குக் கீழே போனதை அன்று மாலை வரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆனால் இந்தக் கணக்கு என்னை ஒரு பெரிய வீண்செலவிலிருந்து காப்பாற்றியது. ஒரு முதுநிலைப் பட்டம் படித்து நல்ல மதிப்பெண் வாங்கி, பழைய ஜி.பி.ஏ.வை ஈடுகட்டிவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று எண்ணியிருந்தேன். முதல் இளநிலைப் பட்டத்துக்குப் பின் படிக்கும் எதுவும் எல்சாக் கணக்கிடும் இளநிலை ஜி.பி.ஏ.வை ஒரு புள்ளிகூட மாற்றாது என்பதை ஆலோசகர் தெளிவாகச் சொன்னார். முதுநிலை மதிப்பெண்களைப் பள்ளிகள் படித்துப் பார்க்கும், அவற்றால் சிறிது நம்பிக்கையும் பிறக்கலாம், ஆனால் அந்த எண் மாறாது. அதே சமயம், எல்சாக் அனுப்பும் அறிக்கையில் ஆண்டு வாரியாகவும் ஜி.பி.ஏ. காட்டப்படும் என்பதையும், என் முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே உள்ள ஏற்றம் படிப்பவர் கண்ணில் தானாகவே படும் என்பதையும் எடுத்துக்காட்டினார். இந்த ஒரு மணி நேரச் சந்திப்புக்கு நான் கொடுத்த பணம் முழுதும் தகும்.

அடுத்து எல்சாட். 2024 ஜூனில் எழுதி 171 பெற்றேன். போதும் என்று நான் நினைத்தேன், ஆலோசகர் மறுத்தார். ஆகஸ்ட் 2024 முதல் எல்சாட்டின் அமைப்பே மாறவிருந்தது. தர்க்கப் புதிர்கள் என்று சொல்லப்படும் பகுதி நீக்கப்பட்டு, அதன் இடத்தில் இரண்டாவது தர்க்க வாதப் பகுதி வந்தது. இப்போது மதிப்பிடப்படுபவை இரண்டு தர்க்க வாதப் பகுதிகளும் ஒரு வாசிப்புப் பகுதியும்தான், மதிப்பிடப்படாத ஒரு பகுதியும் இடையில் வரும். பொறியியல் படித்த எனக்குப் புதிர்ப் பகுதிதான் வலுவானது, ஆகவே புதிய அமைப்பில் மதிப்பெண் குறைந்துவிடும் என்று அஞ்சினேன். ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதினால் பள்ளிகள் எல்லா மதிப்பெண்களையும் பார்க்கும் என்றாலும், தங்கள் வகுப்பின் புள்ளிவிவரத்தில் சேர்த்து அறிவிப்பது மிக உயர்ந்த மதிப்பெண்ணைத்தான், எனவே இரண்டு புள்ளி குறைந்தாலும் இழப்பு சிறிது, மூன்று புள்ளி கூடினால் ஆதாயம் மிகப் பெரிது என்பது அவர் வாதம். 171 பல பள்ளிகளின் வகுப்பில் நடுவில் நிற்பவரின் எண்ணை ஒட்டி நிற்கிறது, 174 அநேகமாக எல்லாப் பள்ளிகளிலும் அதைத் தொடுகிறது அல்லது தாண்டுகிறது என்று காட்டினார். ஆகஸ்டில் மீண்டும் எழுதினேன், 174 வந்தது. அந்த மதிப்பெண்ணுக்கான உழைப்பு என்னுடையது, சேவை எல்சாட் பாடம் எதையும் கற்பிக்கவில்லை. எல்சாக்கின் லாஹப் தளத்தில் உள்ள பழைய அதிகாரபூர்வத் தேர்வுகளை நேரம் வைத்து எழுதி, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறினேன் என்று குறிப்பெழுதியதே என் பயிற்சி. மீண்டும் எழுதச் சொன்ன தீர்மானம் மட்டும் ஆலோசகருடையது, அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி நான் மிக நீளமாகப் பேச விரும்பும் பகுதிக்கு வருகிறேன், அதாவது பள்ளிகளைத் தேர்ந்தெடுத்த முறை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டப் பள்ளியும், சங்கத்தின் 509-ஆம் தர விதியின்படி, தன் புதிய வகுப்பின் எல்சாட், ஜி.பி.ஏ. விவரங்களை ஆண்டுதோறும் டிசம்பர் நடுப்பகுதியில் வெளியிட வேண்டும். வகுப்பை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் எண், கீழிருந்து கால் பங்கில் நிற்பவரின் எண், மேலிருந்து கால் பங்கில் நிற்பவரின் எண் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். இவை யாரும் காசில்லாமல் பார்க்கக்கூடியவை. ஆனால் அவற்றை எப்படிப் படிப்பது என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் ஆலோசகர்.

பள்ளிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும், தரவரிசைகளில் எண்ணப்பட்டு வந்ததும் நடுவில் நிற்பவரின் எண், அதாவது இடைநிலை அளவு. சராசரி வேறு, இது வேறு. இருநூறு பேர் கொண்ட வகுப்பில் ஜி.பி.ஏ.வின் இடைநிலை 3.9 என்றால், அதற்குக் கீழே நிற்கும் ஒருவரின் ஜி.பி.ஏ. 3.8 ஆனாலும் 2.94 ஆனாலும் அந்த இடைநிலை ஒரே இடத்தில்தான் நிற்கும். சராசரியாக இருந்திருந்தால் நான் வகுப்பையே கீழே இழுத்திருப்பேன், இடைநிலையில் நான் பிடிப்பது ‘கீழே உள்ளவர்’ என்ற ஓர் இடத்தை மட்டுமே. அதே வகுப்பின் எல்சாட் இடைநிலையை 172-இலிருந்து 173-க்கு உயர்த்த விரும்பும் பள்ளிக்கு 174 உடைய என்னால் பயன் உண்டு. எனக்கு எதிர்முனையில், 3.98 ஜி.பி.ஏ.வும் 166 எல்சாட்டும் கொண்ட இன்னொருவரை எடுத்தால் ஜி.பி.ஏ. இடைநிலையும் காக்கப்படும். இருவரையும் ஒன்றாக எடுக்கும்போது இரண்டு எண்களும் காப்பாற்றப்படுகின்றன. குறைந்த ஜி.பி.ஏ. உடையவருக்குச் சிறந்த பள்ளிகளில் கதவு திறப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான். கருணை என்றோ விதிவிலக்கு என்றோ அதை எண்ணிக்கொண்டு விண்ணப்பத்தில் கெஞ்சுபவர்கள் தங்கள் பலம் எங்கே இருக்கிறது என்பதை அறியாதவர்கள்.

அப்படியானால் எந்தப் பள்ளிக்கு இந்தக் கணக்கு அதிகம் பொருந்தும்? இங்கேதான் ஆலோசகரின் அனுபவம் வெளிப்பட்டது. ஒவ்வொரு பள்ளியின் ஐந்தாண்டு அறிக்கைகளையும் அடுக்கிவைத்து, ஜி.பி.ஏ.வில் கீழ்க் கால் பங்கு எண் இடைநிலையிலிருந்து எவ்வளவு தொலைவில் கிடக்கிறது என்று பார்க்கச் சொன்னார். இரண்டும் ஒட்டிக்கிடந்தால் அந்தப் பள்ளி குறைந்த ஜி.பி.ஏ.வை அரிதாகவே எடுக்கிறது என்று பொருள். இடைவெளி அகலமாக இருந்தால் என் போன்றவர்களுக்கு அங்கே இடம் இருந்திருக்கிறது. யேலும் ஸ்டான்ஃபோர்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறு பேரை மட்டுமே எடுப்பவை என்பதால், இரு எண்களும் உயர்ந்தவர்களைக் கொண்டே வகுப்பை நிரப்பிக்கொள்ள அவற்றால் முடியும். பெர்க்லி, ஜி.பி.ஏ.வுக்கு அதிக எடை கொடுக்கும் பள்ளி என்று நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. ஜார்ஜ்டவுன் நாட்டிலேயே மிகப் பெரிய முதலாண்டு வகுப்புகளில் ஒன்றை உடையது, அத்தனை இடங்களை நிரப்ப வேண்டிய பள்ளியில் ஒற்றை எண் உயர்ந்தவருக்கும் வாய்ப்பு கூடுகிறது. நார்த்வெஸ்டர்ன் வேலை அனுபவத்தை வெளிப்படையாகவே மதிப்பது, என் மூன்று ஆண்டு வேலை அங்கே பேசும் என்றார். வர்ஜீனியாவும், பதினான்குக்கு வெளியே செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் ஸ்ப்ளிட்டர்களிடையே நல்ல பெயர் பெற்றவை. என் பட்டியலில் இருந்த இரண்டு பெயர்களை நீக்கி, நான் நினைத்தே பார்க்காத மூன்றைச் சேர்த்தார். கடைசியில் எனக்கு இடம் கிடைத்த மூன்று பள்ளிகளில் இரண்டு அவர் சேர்த்தவை.

சட்டப் பள்ளிகளை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தும் யு.எஸ். நியூஸ் தரவரிசை 2023-இல் தன் முறையை மாற்றி, எல்சாட்டுக்கும் ஜி.பி.ஏ.வுக்கும் தரும் எடையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, பட்டம் பெற்றவர்களின் வேலைவாய்ப்புக்கும் வழக்கறிஞர் தேர்வு வெற்றிக்கும் எடையைக் கூட்டியது. 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும் அதற்கு ஒத்துழைப்பதில்லை என்று அறிவித்ததற்குப் பின் வந்த மாற்றம் இது. இனி பள்ளிகள் எண்களைப் பார்க்காது என்று சிலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அடுத்து வந்த ஆண்டுகளிலும் பெரும்பாலான பள்ளிகள் தங்கள் இடைநிலைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை 509 அறிக்கைகளிலேயே காணலாம்.

குறைந்த மதிப்பெண்ணுக்கான விளக்கக் குறிப்பு, சேவை தன் மதிப்பைக் காட்டிய இன்னோர் இடம். நான் முதலில் இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன். பதினேழு வயதில் பொறியியலைத் தேர்ந்தது, வாரம் இருபத்தைந்து மணி நேரம் வளாகத்தில் வேலை பார்த்தது, உரிய நாளுக்குள் பாடங்களிலிருந்து விலகிக்கொள்ளத் தெரியாமல் இருந்தது, ஒரு பேராசிரியரின் கடுமை என்று எல்லாம் அதில் இருந்தன. ஆலோசகர் அதைப் படித்துவிட்டு, “இதில் எது காரணம், எது சாக்கு என்று நீங்களே கோடிட்டுக் காட்டுங்கள்” என்றார். கோடிட்டபோது காரணம் இரண்டே வாக்கியங்களில் அடங்கியது. இறுதியில் நின்றது பதினொரு வரி: முதல் நான்கு பருவங்களில் எத்தனை மணி நேரம் வேலை செய்தேன், எந்தப் பருவத்தில் அதைக் குறைத்தேன், குறைத்தபின் ஜி.பி.ஏ. எவ்வளவு ஆனது, கல்லூரிக்குப் பிந்தைய வேலையில் பொறுப்பு எப்படிக் கூடியது. பேராசிரியர் போய்விட்டார், வருத்தங்களும் போய்விட்டன. குறிப்பைப் படிக்கும் சேர்க்கை அலுவலருக்கு இருப்பது ஒரே ஐயம், முதலாண்டுச் சட்டப் படிப்பின் சுமையை இவர் தாங்குவாரா என்பது. அந்த ஐயத்துக்கு விடை தரும் வரியை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டச் சொன்னார். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றைக் கடைசி ஆண்டில் எனக்குப் பாடம் நடத்திய ஒருவரிடம் வாங்கச் சொன்னதும் இதே நோக்கத்தோடுதான்.

குறைகளுக்கு வருகிறேன். தன்விளக்கக் கட்டுரையைத் திருத்தியவர் ஆலோசகர் இல்லை, நிறுவனம் அமர்த்திய வேறொரு திருத்துநர். நான்கு சுற்றுத் திருத்தத்துக்குப் பின் என் கட்டுரை இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல், என் குரலும் இல்லாமல் திரும்பி வந்தது. ஒரு மென்பொருள் உரிம ஒப்பந்தத்தைப் படிக்க நேர்ந்து, அதிலிருந்த ஒரு சொற்றொடருக்காக எங்கள் குழுவின் ஆறு மாத உழைப்பு வீணாகவிருந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். திருத்துநர் அந்த ஒப்பந்த விவரங்களை எல்லாம் நீக்கிவிட்டு, நீதியின் மீதான வேட்கை என்ற பொதுவான பேச்சை இட்டிருந்தார். கடைசியில் என் முதல் வரைவையே எடுத்து, பிழை மட்டும் திருத்தி அனுப்பினேன். பள்ளிகளின் பெயருக்கு எதிரே வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று காட்டும் அவர்களின் கணிப்புக் கருவியும் என் போன்றவர்களுக்கு உதவாது. இரண்டு எண்களும் சேர்ந்து நகரும் விண்ணப்பதாரர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். எனக்கு அது மிக அதிக வாய்ப்புக் காட்டிய பள்ளி என்னை நிராகரித்தது, மிகக் குறைவாகக் காட்டியது என்னை ஏற்றுக்கொண்டது.

இவற்றைவிடக் கடுமையானது தாமதம். பெரும்பாலான சட்டப் பள்ளிகள் செப்டம்பரில் விண்ணப்பங்களைத் திறந்து, வரவர இடங்களைக் கொடுத்துக்கொண்டே போகின்றன. அறிவிக்கப்பட்ட கடைசி நாள் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இருந்தாலும், அதற்குள் இடங்கள் பெரிதும் நிரம்பிவிடும். விளிம்பில் நிற்கும் விண்ணப்பதாரருக்கு முன்னதாக அனுப்புவது மற்றவர்களைவிட முக்கியம். செப்டம்பர் முடிவில் நான் கொடுத்த நான்கு துணைக் கட்டுரைகள் நவம்பர் இரண்டாம் வாரத்தில்தான் திரும்பி வந்தன. மூன்று நாளில் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. கேட்டபோது மன்னிப்புக் கேட்டார்கள், பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர மறுத்தார்கள். தாமதமான அந்த நான்கு விண்ணப்பங்களில் மூன்று என்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தன. அக்டோபரில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பள்ளிக்கு ஆர்வம் தொடர்வதைத் தெரிவித்து எழுதும் கடிதத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டதையும் நான் நியாயம் என்று ஏற்கவில்லை.

எல்சாக்கின் விண்ணப்பதாரர் பரிந்துரைச் சேவையில் இலவசமாகப் பதிந்துகொண்டால் உயர்ந்த எல்சாட் உடையவர்களுக்குப் பல பள்ளிகள் விண்ணப்பக் கட்டண விலக்கை அவையாகவே அனுப்பும் என்பதை எனக்குச் சொன்னது ஒரு நண்பர், சேவை இல்லை. ஐந்து பள்ளிகளிலிருந்து விலக்கு வந்தது. பள்ளி ஒன்றுக்கு எல்சாக் அறிக்கை அனுப்ப அப்போது ஆன 45 டாலர் அதில் அடங்கவில்லை என்றாலும், மிச்சம் கணிசமானது.

கட்டுப்படுத்தும் முன்முடிவு விண்ணப்பம் பற்றிய அறிவுரை நேர்மையாக இருந்தது. இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று ஒரே பள்ளிக்கு எழுதிக்கொடுப்பது ஸ்ப்ளிட்டருக்கு வாய்ப்பைக் கூட்டலாம், ஆனால் வேறு பள்ளிகளின் உதவித்தொகையைக் காட்டிப் பேரம் பேசும் வலிமையை அது பறித்துவிடும். சிறந்த பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டும் நிலையில் இது சிறிய இழப்பு அன்று. நான் அந்த வழியில் போகவில்லை. இனி விண்ணப்பிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, மேற்படிப்பு மாணவர்களுக்குக் கூட்டரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கான கூட்டரசுக் கடனுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற உச்சவரம்பும் வந்திருக்கிறது. கட்டணத்துக்கும் கடனுக்கும் இடையே விழும் பள்ளத்தை உதவித்தொகையோ, விலையுயர்ந்த தனியார் கடனோதான் நிரப்ப வேண்டும். 174 எல்சாட் எனக்கு வாங்கித் தந்தவற்றில் இடத்தைவிடப் பெரியது, மூன்று பள்ளிகளில் ஒன்று கொடுத்த பாதிக் கட்டண உதவித்தொகைதான். அதற்கு எந்த நிபந்தனையும் இல்லை என்பதை 509 அறிக்கையில் சரிபார்த்த பிறகே முன்பணம் கட்டினேன்.

பன்னிரண்டு விண்ணப்பங்களில் மூன்று ஏற்பு, நான்கு காத்திருப்பு, ஐந்து நிராகரிப்பு. காத்திருந்த நான்கில் எதுவும் பின்னர் ஏற்பாக மாறவில்லை. இந்த முடிவோடு சேவையை வைத்துப் பார்க்கும்போது, மதிப்பெண் பட்டியல் கணக்கு, பள்ளித் தேர்வு, விளக்கக் குறிப்பு ஆகிய மூன்றுக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். கட்டுரைத் திருத்தத்துக்கு ஒன்று, காலந்தவறாமைக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு எண்களும் உயர்ந்தவர்களுக்கும், ஜி.பி.ஏ. இடைநிலையைவிடச் சற்றே குறைந்தவர்களுக்கும் இது தேவையில்லை, 509 அறிக்கைகளும் பொறுமையும் போதும். என்னைப் போல் எல்சாக் கணக்கில் மூன்றுக்குக் கீழே இருப்பவர்கள் முழுத் தொகுப்பை வாங்காமல், மணிக் கணக்கில் ஆலோசகரின் நேரத்தை மட்டும் விற்கும் இடத்தைத் தேடட்டும். அந்த நிறுவனத்திலேயே மணிக்கு 300 டாலர் என்று ஒரு வசதி இருந்தது. விலைப் பட்டியலின் கடைசி வரியில் இருந்த அதை நான் கவனிக்கவில்லை. எனக்குப் பயன்பட்ட சந்திப்புகளின் நேரத்தைப் பின்னர் கூட்டிப் பார்த்தபோது நான்கு மணி நேரமே வந்தது.